நூற்று முப்பத்தொரு பதில்கள்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, அந்தப் போனைக் கொஞ்சம் பைக்குள் வைத்துவிடுகிறீர்களா? நீங்கள் பதிவு செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. பார்த்தால் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. ஆனால் அந்த உமையாளும் பார்த்தால் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. பருத்திப் புடவை, தோல் வார் வைத்த கடிகாரம், தேய்ந்த செருப்பு. இப்படி எளிமையாக வருகிறவர்களிடம்தான் நான் கூடுதல் கவனமாக இருப்பேன்.

நீங்கள் எதுவரை? சாத்தூரா? நான் கோவில்பட்டியில் இறங்கிவிடுவேன். வாராவாரம் திருநெல்வேலிக்கு வருவீர்களா? அம்மாவைப் பார்க்கவா? நல்லது. பெற்றவர்களைப் பார்க்க வேண்டும்.

உமையாள் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? டாக்டர் உமையாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். இங்கே ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனில் இன்ஸ்டா, அது இது என்று பார்ப்பதால் அவர்கள் மனசு என்னவாகிறது என்று ஆராய்ச்சி. என்னவாகும்? கெட்டுப்போகும். இதைக் கண்டுபிடிக்க எட்டு வாரம் எதற்கு? என்னிடம் கேட்டிருந்தால் எட்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

என் மகள் பிரார்த்தனா பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரே பிள்ளை. அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். ஜூலையில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனால் இந்த அம்மா மேடையில். ஹெச்.எம். பக்கத்திலேயே நிற்கிறார். பிள்ளைகள் போனில் ஒரு ஆப் போடுவார்களாம். தினமும் மூன்று வேளை அது மணி அடிக்கும். காலை ஏழு, சாயங்காலம் ஐந்து, இரவு எட்டரை. கால் மணி நேரத்துக்குள் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மனசு எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை? யாரிடமாவது மனம்விட்டுப் பேசினாயா, பத்துக்கு எத்தனை? அடுத்தவர் படத்தைப் பார்த்து உன்னைக் குறைவாக நினைத்தாயா, பத்துக்கு எத்தனை? கடைசியில், இப்போது மனதில் இருப்பதை ஒரு வரியில் எழுது. போனை எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்பதையும் அந்த ஆப்பே குறித்துக்கொள்ளும்.

நான் எழுந்து கேட்டேன். "மேடம், ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க."

"அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். நாலு பக்கத் தாள் அக்கா. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். நான் ஒருத்தி மாட்டேன் என்றால், அவர்கள் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று மற்ற அம்மாக்கள் நினைக்க மாட்டார்களா? போட்டுவிட்டேன்.

முதல் பத்து நாள் பிரார்த்தனாதான் பதில் சொன்னாள். அப்புறம் வேதியியலில் நாற்பத்தொன்று வாங்கிக்கொண்டு வந்தாள். நூற்றுக்கு. அன்றைக்கே போனை வாங்கிப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். என் வீட்டில் அதுதான் சட்டம். அவள் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியின் பிள்ளை அல்லவா, பள்ளி அணியில் கோல்கீப்பர். கோபம் வந்தால் மைதானம்தான்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரிட்ஜ் மேல் மணி அடித்தது.

அவள் டியூஷனில் இருக்கிறாள். போன் நம் கையில். பதில் போகாவிட்டால் ஆப்பில் அந்த வேளைக்கான கட்டம் சிவப்பாக மாறிவிடும். எட்டு வாரமும் விடாமல் பதில் சொன்ன பிள்ளைகளுக்குச் சான்றிதழ் உண்டு என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார். நாளைக்கு ஒரு கல்லூரியில் சேரும்போது உதவும் இல்லையா? இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் யார் செய்துகொடுத்தது? நீங்கள்தானே? மூன்றாம் வகுப்பில் தெர்மகோலில் சூரியக் குடும்பம் செய்தது நான். ஐந்தாம் வகுப்பில் எரிமலை. எட்டாம் வகுப்பில் மழைநீர் சேகரிப்பு வீடு, குழாயெல்லாம் ஸ்ட்ராவில். அதற்கு எனக்கு இரண்டாம் பரிசு. அதாவது பிரார்த்தனாவுக்கு. டீச்சருக்கும் தெரியும், எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். பிள்ளை படிக்கட்டும், ஒட்டுவதும் வெட்டுவதும் நம் வேலை. இதுவும் அப்படித்தான். மணி அடித்தது, செய்துகொடுத்தேன்.

நல்ல பிள்ளை, நல்ல வீடு. எல்லாவற்றுக்கும் பத்து போட்டேன். குறைவாக நினைத்தாயா என்பதற்கு மட்டும் பூஜ்யம். ஒரு வாரம் இப்படிப் போனது. உடனே உமையாளிடமிருந்து ஒரு செய்தி: 'அன்புள்ள மாணவிக்கு, சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் இல்லை. அந்த நேரத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.'

பார்த்தீர்களா? சந்தோஷமான பிள்ளை அவருக்கு வேண்டாம். அழுகிற பிள்ளைதான் வேண்டும். எல்லாப் பிள்ளையும் பத்து போட்டால் அவர் எதை வைத்துக் கட்டுரை எழுதுவார்? சரி, சந்தேகம் வராதபடி கலந்து போடுவோம் என்று ஆரம்பித்தேன். ஆனால் சும்மா ஆறு, ஏழு என்று எப்படிப் போடுவது? பொய்யிலும் ஒரு நியாயம் வேண்டாமா? அதனால் மணி அடிக்கும்போது எனக்குக் கைக்கு எது வருகிறதோ அதைப் போட்டேன். மனசு எப்படி? அன்றைக்கு ஐந்து என்று தோன்றினால் ஐந்து. மனம்விட்டுப் பேசியது? ஒன்று. அப்படி.

அந்த ஒரு வரிதான் கஷ்டம். பிள்ளை எழுதியதுபோல இருக்க வேண்டும். 'இன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை' என்று ஒரு நாள். 'காலையிலிருந்து பேசியது சிலிண்டர்காரரிடம் மட்டும்' என்று ஒரு நாள். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன், பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்குச் சிலிண்டர்காரரிடம் என்ன பேச்சு? அடுத்த பதிலில் 'அம்மா வெளியே போயிருந்தாள்' என்று சேர்த்துச் சமாளித்தேன். நான் விவரமானவள் அக்கா. அப்படி லேசில் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

நாளாக நாளாகச் சாயங்காலம் நாலே முக்கால் ஆனாலே காது பிரிட்ஜ் பக்கம் போக ஆரம்பித்தது. துணி மடிக்கும்போதே, இன்றைக்கு என்ன எழுதலாம் என்று யோசனை. இப்படிப் பழக்கிவிடுவதுதான் அவர்கள் தந்திரம். பெரியவள் எனக்கே இப்படி என்றால் சின்னப் பிள்ளைகள் கதி என்ன ஆவது?

சில்லறை கேட்கிறாரா கண்டக்டர்? இல்லை, முன் சீட்டுக்காரரிடம் கேட்கிறார். சரி.

போனை நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். பிள்ளையின் போனில் என்ன வருகிறது என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா? காலையில் அவள் போனதும் எடுப்பேன். அவள் சிநேகிதிகள் யார், என்ன போடுகிறார்கள் என்று ஒரு சுற்று. அது பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்த இன்ஸ்டா சும்மா இருக்கிறதா? எங்கள் நாத்தனார் குடும்பத்தோடு கொடைக்கானல் போன படம். நாலு பேரும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர். என்னோடு படித்த தெய்வானையின் புதுமனை புகுவிழா. சேலத்தில் ஒரு பெண் மசாலா டப்பாவைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். நான் கேட்கவில்லை, அதுவாகக் காட்டுகிறது. நிமிர்ந்தால் மணி மூன்று. காவலுக்கு உட்கார்ந்தவர் கண்ணை மூட முடியுமா?

என் வீட்டுக்காரர் நல்லவர். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோவில் கூப்பிட்டுவிடுவார். பத்து நிமிடமும் பிள்ளையைப் பற்றியே கேட்பார். பிள்ளை சாப்பிட்டாளா, பிள்ளை படிக்கிறாளா. அப்படி ஒரு பாசம். வேறு எதையும் கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

எட்டு வாரம் முடிந்தது. சான்றிதழ் வரும் என்று பார்த்தால் போன வாரம் பிரார்த்தனா வேறு ஒன்றைக் கொண்டுவந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"யம்மா, என் போன்ல ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் இன்ஸ்டா ஓடியிருக்காம்."

"யாரு சொன்னா?"

"உமையாள் மேடம். ஸ்கூலுக்கு வந்திருந்தாங்க. எல்லாம் நான் கிளாஸ்ல இருக்குற நேரமாம். ஹெச்.எம். அட்டென்டன்ஸ எடுத்து வச்சுக்கிட்டு நீ கட் அடிக்கிறியாட்டின்னு கேக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"உண்மையச் சொன்னேன். போன் பிரிட்ஜ் மேல இருக்கு, அம்மா காவலுக்கு இருக்கான்னேன்."

பெற்ற மகள்! ஒரு வார்த்தை யோசித்துச் சொல்லக்கூடாதா? நான் தாளிக்கிற கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, 'ஒரு நாள் நான் இல்லாவிட்டால், சார்ஜர் எங்கே என்று கேட்கத்தான் என்னைத் தேடுவார்கள்.' அது நீ எழுதுனதா?"

"எந்தச் சார்ஜர்?"

"மேடம் வாசிச்சுக் காட்டுனாங்க. அது ஒண்ண மட்டுந்தான். நான் எழுதலன்னதும் நிறுத்திட்டாங்க."

"அவங்க என்னத்தையாவது எழுதி வச்சுக்கிட்டு வாசிப்பாங்க. போய்க் கை கால் கழுவு."

அவள் கழுவினாள். கை காலை இல்லை. தொட்டியில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவினாள். நான் சொல்லவே இல்லை. பதினாறு வயதுப் பெண் சொல்லாமலே பாத்திரம் கழுவினால் என்ன அர்த்தம் அக்கா? ஐஸ் வைக்கிறாள் என்று அர்த்தம். போன் திரும்ப வேண்டும். மறுநாள் காலையில், "நீ சாப்டியாம்மா?" என்று வேறு கேட்டாள். நான் பிடி கொடுக்கவில்லை.

சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உமையாள் போட்ட திட்டப்படி, இரண்டு வாரம் தொடர்ந்து மனசு குறைவாக இருக்கிற பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்ட நாலு பக்கத்தில் மூன்றாம் பக்கம் அது இருக்கிறதாம். மூன்றாம் பக்கத்தை யார் படித்தது? மூன்று பேர் பட்டியல். அதில் பிரார்த்தனா. பட்டியலில் பெயர் இருந்தால், ஆலோசகர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வெளியூர் விளையாட்டுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். வருகிற சனிக்கிழமை மதுரையில் போட்டி. கோல்கீப்பர் இல்லாமல் அணி போகுமா? இரண்டாவது கோல்கீப்பரை வைத்துப் போகும். அந்தப் பெண்ணின் அம்மா காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பிரார்த்தனாவுக்கு மனசு சரியில்லையாமே, நல்லாத்தான இருந்தா?" என்று கேட்கிறாள். அவள் கையில் ஒரு கிலோ தக்காளி. முகத்தில் அப்படி ஒரு அக்கறை. நான் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஹெச்.எம்.மிடம் போனேன். "நான் என்ன செய்ய? எழுதுனது பிள்ளை இல்லன்னு எழுத்துல வரணும். மேடத்தப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாத்தான் பேர எடுக்க முடியும்" என்றார்.

அதற்குத்தான் இன்றைக்கு வந்தேன். வரும்போது பஸ்ஸில் எல்லாம் யோசித்துவைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒன்று இருக்கிறது, அது போனை எடுத்து விளையாட்டாக எதையோ தட்டிவிட்டது என்று சொல்ல வேண்டும். அழித்துவிடச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

அறைக்குள் போனதும், "வாங்க செண்பகவல்லி, உக்காருங்க" என்றார். எடுத்த எடுப்பில் பெயர். ஊரில் நான் பிரார்த்தனா அம்மா. வீட்டுக்காரருக்கு நான் 'இந்தா'. செண்பகவல்லி என்று என்னை யாராவது கூப்பிட்டுப் பத்து வருஷம் இருக்கும். அங்கேயே உஷாராகிவிட்டேன். டீ வந்தது. இரண்டு கரண்டி சர்க்கரை, எனக்கு எப்படி வேண்டுமோ அப்படி. இவருக்கு யார் சொன்னது? பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டேன்.

"மொத பத்து நாள் பதில் பிரார்த்தனா குடுத்தது. அதுக்கப்புறம் நூத்தி முப்பத்தொண்ணு இருக்கு. பிள்ளை குடுத்ததில்லன்னு யாராவது பொறுப்பான ஒருத்தர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா, இன்னைக்கே நான் ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

"பக்கத்து வீட்டுல ஒரு பிள்ள..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு வார்த்தை இல்லை, ஒரு 'ம்' இல்லை. எதிரில் ஆள் அப்படிச் சும்மா இருந்தால் நமக்கு எப்படிப் பேச்சு வரும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்ல வந்த இடத்தில் நின்றுபோனேன். பேச்சை மாற்றினேன்.

"எல்லாத்தையும் அழிச்சிருவீங்கள்ல?"

"கண்டிப்பா அழிச்சிருவேன். ஆய்வுல சேக்கவே முடியாது. இது பதினஞ்சுலருந்து பதினெட்டு வயசுப் பிள்ளைங்களப் பத்தினது. இந்தப் பதிலெல்லாம் எனக்கு உதவாதுங்க."

நான் கேட்டு வந்தது அதைத்தான். நியாயமாக எழுந்து கும்பிடு போட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"உதவாதா? உதவாதுன்னா என்ன அர்த்தம்? ஒரு நாள் விட்டிருப்பேனா? காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எந்திரிச்சு எழுதியிருக்கேன். ஒவ்வொரு வரியையும் யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்கேன். நீங்க பாட்டுக்கு உதவாதுங்கிறீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

திட்டம் போட்டுத்தான் வாயைக் கிளறியிருக்கிறார். உதவாது என்று சொன்னால் நான் பொறுக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்தவர்கள் எமகாதகர்கள் அக்கா. ஆனால் வெற்றி முகம் எதுவும் காட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

பேனாவைத் தொடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதினால் அது நான் என்று ஆகிவிடும். ஹெச்.எம். பார்ப்பார். காய்கறிக் கடைவரை வரும். மஸ்கட்டுக்கும் போகலாம். எழுதாவிட்டால் சனிக்கிழமை பஸ்ஸில் பிரார்த்தனா இருக்க மாட்டாள். மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

'என் மகள் பிரார்த்தனாவின் பெயரில் உள்ள நூற்று முப்பத்தொரு பதில்களையும் அளித்தது நான்.' அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளுக்கு உதவியாக என்று நடுவில் சேர்க்கலாமா என்று பார்த்தேன். இடம் இல்லை.

அவர் அதை வாங்கி மடித்துவிட்டு, "எந்தக் காய்ச்சல்? ஆகஸ்ட் மாசமா?" என்றார்.

"ஆமா. பிள்ளை ஹாக்கி முகாமுக்குப் போயிருந்தா."

"அன்னைக்கு நீங்க எழுதுனது எனக்கு ஞாபகம் இருக்கு. 'கஞ்சியை நானே வைத்து நானே குடித்தேன்.' பிள்ளை எழுதுனதுன்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அறையில் ஒரு திரை கிடையாது. மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. யாராக இருந்தாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். அத்தாட்சிக்குத்தான். நாளைக்கு வேறு எதையாவது நான் எழுதினேன் என்று சொல்லிவிட்டால்? மறுபேச்சுப் பேசாமல் அச்செடுத்துக் கொடுத்தார். இதோ, இந்தக் கவர். பதினோரு பக்கம். இல்லை, கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானே இன்னும் முழுசாக வாசிக்கவில்லை. பஸ் நிலையத்தில் நின்று முதல் இரண்டு பக்கம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பஸ் ஏறும்போது ஹெச்.எம். கூப்பிட்டுவிட்டார். பேரை எடுத்தாயிற்று, சனிக்கிழமை பிரார்த்தனா போகிறாள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அழைப்பு. பிரார்த்தனா. பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து.

"யம்மா, எங்க வர்ற?"

"இப்பத்தான் பஸ் ஏறுனேன். எதுக்கு?"

"சும்மாத்தான். இன்னைக்கு டியூஷன் இல்ல. நான் பஸ்ஸ்டாண்டுக்கு வரட்டா?"

பாருங்கள். போனுக்காக எவ்வளவு தூரம் போகிறாள் என்று. வா என்று சொல்லிவிட்டேன். என்னதான் செய்கிறாள் என்று பார்ப்போம்.

கயத்தாறு வந்துவிட்டதா? சீக்கிரம் வந்துவிட்டோம்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது உமையாள் ஒரு சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தார். அவர் ஆராய்ச்சி மட்டும்தான் செய்வாராம், வைத்தியம் பார்க்க மாட்டாராம். வியாழக்கிழமை தோறும் அதே கட்டடத்தில் வேறொரு அம்மா வருகிறாராம். பேசலாமாம். "விருப்பம் இருந்தா வாங்க, ஒங்களுக்காகத்தான், பிள்ளைக்காக இல்ல" என்றார். எனக்காக என்ன இருக்கிறது? எனக்கு என்ன குறை? கட்டணமும் கிடையாதாம். சும்மா யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாம் பேசுவதைக் கேட்பார்களா? உள்ளே என்னவோ இருக்கிறது. இவர் ஒருவர் போதாதென்று இப்போது இரண்டு பேர்.

அதனால் போகத்தான் வேண்டும் அக்கா. போகாமல் விட்டால் என்ன செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு வாரம் போனால் பிடிபடாது. நாலைந்து வாரமாவது போக வேண்டியிருக்கும்.

நீங்கள் அம்மாவைப் பார்க்கப் போவது எந்தக் கிழமை என்றாலும் ஒன்றுதானே? வியாழக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்பது மணிவாக்கில் கோவில்பட்டியில் நிற்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். சாத்தூரிலேயே உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் பிடித்து வையுங்கள். பை வேண்டாம், பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கர்சீப்பும் வேண்டாம், அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நீங்களே கொஞ்சம் தள்ளி, இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் யாரையும் நம்ப முடியாது.